மணிக்கட்டு ரிலீஸிலிருந்து கைப்பிடி ரிலீஸுக்கு மாறும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

காம்பவுண்ட் வில்லில் (இரு முனையிலும் சக்கரம் வைத்த வில்) நாணைக் கொக்கியில் பிடித்து இழுத்து விடும் கருவிதான் ரிலீஸ். மணிக்கட்டில் பட்டை கட்டி ஆள்காட்டி விரலால் டிரிக்கர் அழுத்தும் ரிலீஸை விட்டுவிட்டு, கையில் பிடிக்கும் ரிலீஸுக்கு மாறுகிறவர்களுக்கான வழிமுறை இது. கையில் பிடிப்பதில் மூன்று வகை உண்டு. தம்ப் பட்டன், கட்டைவிரல் பட்டால் கழலும். ஹிஞ்சில் டிரிக்கரே கிடையாது, கைப்பிடி கொஞ்சம் சுழன்றால் கொக்கி கழலும். ரெசிஸ்டன்ஸ் வகையில், சேஃப்டியை விட்டபின் இழுவை ஓர் அளவைத் தாண்டினால் தானே கழலும். கடையில் "பேக் டென்ஷன்" என்று கேட்டால் பெரும்பாலும் ஹிஞ்சைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். வாங்குமுன் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கோளாறானாலும் தேடும் வரிசை ஒன்றுதான்: முதலில் கை, பிறகு ரிலீஸின் திருகு, பிறகு டி-லூப் (ரிலீஸ் கொக்கியை மாட்ட நாணில் கட்டும் சிறு கயிற்று வளையம்), பிறகு பீப் (நாணுக்குள் செருகிய, குறி பார்க்கும் சிறு துளை), கடைசியில் டிரா லெந்த் (வில்லை முழுதாக இழுக்கும் நீளம்). முதல் இரண்டுக்குக் காசே ஆகாது, மூன்றாவதுக்கு ஒரு துண்டுக் கயிறு போதும். ஆனால் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் நாளே பீப்பை நகர்த்தி, வில்லில் உள்ள குறிகாட்டியான சைட்டை நகர்த்தி, அம்பைத் தாங்கும் ரெஸ்டையும் தொட்டுவிடுகிறார்கள். கை பழகியதும் அத்தனையையும் மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றுமுன் பழைய இடத்தை மார்க்கரால் குறித்துவிடுங்கள்.

கைவசம் வேண்டியவை: ஆலன் கீ செட், மெல்லிய முனை மார்க்கர், லூப் கயிறு, லைட்டர், மூக்குக் குறடு, 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு மீட்டர் நைலான் கயிறு. நைலான் கயிற்றை வளையமாக முடிந்து, ஒரு முனையை வில் பிடிக்கும் கையின் கட்டைவிரல் இடுக்கிலும் மறுமுனையை ரிலீஸ் கொக்கியிலும் மாட்டுங்கள். வழக்கமான ஆங்கரில், அதாவது முழுதாக இழுத்ததும் கை முகத்தில் பதியும் இடத்தில், கை வந்து நிற்கும் நீளத்துக்கு முடிச்சை நகர்த்திக்கொள்ளுங்கள். கீழே வரும் சோதனைகளில் பாதிக்கு வில்லே வேண்டாம், இந்தக் கயிறு போதும்.

வில்லில் சோதிக்கும்போது நாணில் அம்பு இருந்தே ஆக வேண்டும், வில் இலக்கு மெத்தையை நோக்கியே இருக்க வேண்டும், தூரம் 3 முதல் 5 மீட்டர். புது ரிலீஸை வெறும் வில்லில் "சும்மா இழுத்துப் பார்ப்பது" வில்லை உடைக்கிற வேலை.

அறிகுறி: இழுக்கும்போதே ஃபயர் ஆகிவிடுகிறது

இதைத் தீர்க்காமல் வேறு எதற்கும் போக வேண்டாம். பாதி இழுவையில் கொக்கி கழன்றால், இழுத்த வேகத்தோடு உங்கள் கையே உங்கள் வாயில் வந்து விழும்.

*ஹிஞ்ச் என்றால்*

முதல் சந்தேகம் விரல்கள் மேல். ஹிஞ்சை இழுக்கும்போது பாரம் ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரல் முளையிலும் (கட்டைவிரலை வைக்கக் கைப்பிடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தண்டு) இருக்க வேண்டும். நடுவிரலும் மோதிர விரலும் பாரத்தை வாங்கிக்கொண்டால் கைப்பிடி சுழல ஆரம்பித்துவிடும். மணிக்கட்டு டிரிக்கரில் பழகியவர்களுக்கு ஆள்காட்டி விரலைத் தளர்த்தி வைத்து இழுப்பது ரத்தத்தில் ஊறியிருக்கும், இங்கே ஆபத்தே அந்தப் பழக்கம்தான். கயிற்றில் இழுங்கள், பின்னாலிருந்து ஒருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். தொடக்கத்திலிருந்து ஆங்கர் வரை கைப்பிடியின் சாய்வு மாறவே கூடாது. மணிக்கட்டு மடங்குகிறதா என்றும் அதே வீடியோவில் தெரியும்.

விரல் சரி என்றால் அரைநிலா வட்டைப் பாருங்கள். கொக்கி சாய்ந்து நிற்கும் அந்தச் சிறு வட்டு எவ்வளவு சுழன்றால் கழலும் என்பதை ஒரு திருகு தீர்மானிக்கிறது. வட்டுக்கும் உடலுக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு, திருகைத் தளர்த்தி, மெதுவான பக்கம், அதாவது அதிகம் சுழன்றால்தான் கழலும் பக்கம், அரை மில்லிமீட்டர் நகர்த்தி இறுக்குங்கள். எந்தப் பக்கம் மெதுவானது என்பது மாடலுக்கு மாடல் மாறும். கயிற்றில் சோதித்தால் உடனே தெரிந்துவிடும். திருகை முழுதாக இறுக்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிற தப்பு. அப்படி விட்டால் ஒவ்வோர் அம்புக்கும் வட்டு கொஞ்சம் கொஞ்சமாக நகரும், நேற்று சரியாக இருந்த ரிலீஸ் இன்று பதறவைக்கும்.

மூன்றாவது, இழுவை எடை. உலக வில்வித்தைப் போட்டிகளில் காம்பவுண்டுக்கு உச்ச வரம்பு 60 பவுண்டு என்பதால் பலர் அந்த வரம்பை ஒட்டியே வைத்திருப்பார்கள். புது ரிலீஸ் பழகும்வரை 50, 52 போதும். இரண்டு லிம்ப் போல்ட்டுகளையும் (வில்லின் வளையும் தகடுகளான லிம்ப்களைப் பிடித்திருப்பவை) ஒரே அளவு தளர்த்துங்கள். பொதுவாக ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 2 பவுண்டு குறையும். வில்லோடு வந்த கையேட்டில் சொன்ன சுற்றுகளுக்கு மேல் ஒருபோதும் தளர்த்தாதீர்கள், லிம்ப் பாக்கெட்டை விட்டே வந்துவிடும். வில்லை வானம் பார்க்கத் தூக்கி, திணறி இழுப்பவர் அந்த இழுப்பை மாற்றும்வரை ஹிஞ்சைத் தொட வேண்டாம்.

*தம்ப் பட்டன் என்றால்*

இழுக்கும்போது கட்டைவிரல் பட்டனைத் தொடவே கூடாது, ஆள்காட்டி விரலின் பின்னால் ஒதுங்கி இருக்க வேண்டும். அடுத்தது, கொக்கி முழுதாகப் பூட்டாமல் பாதியில் நிற்பது. லூப்பில் மாட்டியதும் லேசாக ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு வில்லைத் தூக்குங்கள். இரண்டும் சரி என்றால் பட்டனின் ஓட்டத்தை (அழுந்தும் தூரத்தை) மிகக் குறைத்து வைத்திருக்கிறார்கள். எட்டில் ஒரு சுற்றாகத் திருகிக் கூட்டுங்கள்.

*ரெசிஸ்டன்ஸ் என்றால்*

காரணம் பெரும்பாலும் ஒன்றே: சேஃப்டி முழுதாக அழுந்தவில்லை. இழுவையின் உச்சத்தில் வரும் 50, 60 பவுண்டை அந்த ஸ்பிரிங் தாங்கவே தாங்காது. சேஃப்டிதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது*

கட்டைவிரல் முளையில் இருக்க, அல்லது சேஃப்டி அழுந்தியிருக்க, கயிற்றிலேயே ஒரு முறை கழன்றாலும் அந்த ரிலீஸை ஓரமாக வைத்துவிடுங்கள். கொக்கி முனையோ வட்டின் விளிம்போ மழுங்கியிருக்கும், கடைக்குத்தான் போக வேண்டும். கயிற்றில் தொடர்ந்து முப்பது முறை ஒழுங்காக வந்து, வில்லில் மட்டும் கழன்றால் கோளாறு உங்கள் இழுப்பில். பயிற்சியாளர் பக்கத்தில் நிற்காமல் மேற்கொண்டு இழுக்க வேண்டாம்.

ஒருமுறை பாதியில் கழன்றுவிட்டால், மறுபடி இழுக்குமுன் வில்லைப் பாருங்கள். நாணும் கேபிள்களும் கேமின் (வில் முனைச் சக்கரத்தின்) பள்ளத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா? கேம் நேராகச் சுற்றுகிறதா? பஞ்சு உருண்டை ஒன்றை லிம்பின் விளிம்பு நெடுக மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத சிராய் இருந்தால் பஞ்சின் இழை அதில் சிக்கி நிற்கும். இழை சிக்கினாலும், நாண் பள்ளத்தை விட்டு வெளியே வந்திருந்தாலும் வில் பிரஸ் (வில்லை அழுத்தி நாணைத் தளர்த்தும் கருவி) வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் அப்படியே கொண்டுபோங்கள். நாணைக் கையால் நெம்பி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள்.

அறிகுறி: ஆங்கரில் கட்டைவிரலை எடுத்ததுமே போய்விடுகிறது

ஹிஞ்சில், கட்டைவிரலோடு ஆள்காட்டி விரலையும் ஒரே நொடியில் விட்டுவிடுகிறீர்கள். முதலில் கட்டைவிரல், பிறகு ஒரு மூச்சு, அதன்பின் ஆள்காட்டி விரல் மெல்லத் தளரட்டும். அப்படியும் போனால் வட்டை மெதுவான பக்கம் நகர்த்துங்கள்.

ரெசிஸ்டன்ஸில் கணக்குப் போட்டுவிடலாம். 60 பவுண்டு வில், 80 சதவீத லெட் ஆஃப் (முழு இழுவையில் குறையும் பாரம்) என்றால் முழு இழுவையில் கையில் நிற்பது 12 பவுண்டு. 75 சதவீதம் என்றால் 15, 65 சதவீதம் என்றால் 21. கழலும் அளவு இதற்கு 3 பவுண்டு போல மேலே இருந்தால் தொடங்கலாம். சேஃப்டியை விட்டதுமே போகிறது என்றால், சுவரில் (இதற்கு மேல் இழுக்க முடியாமல் வில் நிற்கும் இடம்) சாய்ந்து தேவைக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள், அல்லது ஸ்பிரிங் தளர்வு. முந்தையதைப் பார்த்தபின் பிந்தையது. லிம்ப் போல்ட்டைத் தொட்டவர்கள் கவனிக்க: இழுவை எடை மாறினால் இந்தக் கணக்கும் மாறும், ரிலீஸ் கழலும் அளவை மறுபடி சரிசெய்ய வேண்டும்.

அறிகுறி: எவ்வளவு இழுத்தாலும் போக மாட்டேன் என்கிறது

ஹிஞ்சுக்கு மாறிய முதல் சில வாரங்களில் எல்லோருக்கும் வருவது. பலர் இதற்கு வட்டை வேகமாக்கிவிடுகிறார்கள், பிறகு இழுக்கும்போதே கழல ஆரம்பிக்கும். அதனால் திருகைத் தொடுமுன் கீழே உள்ளதை வரிசையாகப் பாருங்கள்.

கை இறுகியிருக்கிறதா? கைப்பிடியை முஷ்டியாகப் பிடித்தால் எல்லா விரலும் ஒரே அளவு இழுக்கும், சுழல வழியில்லை. புறங்கையும் முன்கையும் ஒரே நேர்க்கோட்டில் தட்டையாக நிற்க வேண்டும். கயிற்றில் இழுத்து நிற்கும்போது மறுகையால் முன்கையின் தசையைத் தொட்டுப் பார்க்க முடியாது, இன்னொருவரைத் தொடச் சொல்லுங்கள். கல் மாதிரி இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

விரல் எங்கே பதிகிறது? முதல் கணுவுக்கும் இரண்டாம் கணுவுக்கும் நடுவே பதிவது பெரும்பாலானவர்களுக்குச் சரி. நுனியில் பிடித்தால் நழுவும் பயத்தில் கை இறுகும். கைப்பிடி கைக்குப் பெரிதாக இருந்தாலும் இதே கதைதான். ஒரே மாடல் சிறிது, நடுத்தரம், பெரிது என்று வருகிறது. கடையில் கயிற்றில் மாட்டி இழுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இழுப்பது நின்றுவிட்டதா? குறி பார்ப்பதில் கவனம் போனதும் முதுகு ஓய்ந்துவிடும், நாண் அரை சென்டிமீட்டர் முன்னால் ஊர்ந்துவிடும். பக்கவாட்டில் நின்று அம்பு முனையையும் ரெஸ்டையும் ஒருவர் பார்க்கட்டும். முனை முன்னால் நகர்ந்தால் விடை அதுதான்.

முழங்கை எங்கே நிற்கிறது? உயரமான ஸ்டூலில் ஏறி மேலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். அம்பின் கோட்டிலேயே முழங்கையும் இருக்க வேண்டும். கோட்டைத் தாண்டி முதுகுப் பக்கம் போயிருந்தால் டிரா லெந்த் அதிகம், மேலும் சுழல இடமில்லை. கோட்டுக்கு வெளியே நின்றால் குறைவு, முதுகால் இழுக்கவே முடியாது. புது ரிலீஸின் கழுத்து பழையதைவிடக் குட்டையாக இருந்தால் கை முகத்தில் முன்னால் வந்துவிடும். அப்போது டிரா லெந்தை மாற்ற வேண்டாம், டி-லூப்பை 3 முதல் 6 மில்லிமீட்டர் நீளமாகக் கட்டுங்கள். லூப்பை நீட்டினால் நாணும் பீப்பும் இருந்த இடத்திலேயே இருக்கும், கை மட்டும் பின்னால் போகும். 11 அல்லது 12 சென்டிமீட்டர் கயிறு வெட்டினால் வழக்கமான அரை அங்குல லூப் கிடைக்கும். கூடுதல் நீளத்துக்கு அதற்கேற்பச் சேர்த்து வெட்டுங்கள்.

இத்தனையும் சரி என்றால் மட்டும் வட்டை வேகமான பக்கம் கால் மில்லிமீட்டர். கட்டைவிரலை எடுத்ததிலிருந்து 3 முதல் 6 நொடிக்குள் போவது நல்ல வேகம். தனிநபர் போட்டிச் சுற்றில் ஓர் அம்புக்கு 20 நொடிதான், பத்து நொடி பிடிக்கும் ஹிஞ்சோடு அங்கே போக முடியாது.

லூப்பை நீட்டியும் முழங்கை கோட்டுக்கு வரவில்லை என்றால் கேமின் மாட்யூலை (டிரா லெந்தைத் தீர்மானிக்கும் துண்டு) மாற்ற வேண்டும். சில கேம்களில் ஆலன் கீ போதும், சிலவற்றுக்குப் பிரஸ் வேண்டும். எது என்று தெரியாவிட்டால் கடைக்குக் கொண்டுபோங்கள்.

அறிகுறி: 'க்ளிக்' கேட்டதும் உடம்பு துள்ளுகிறது, பட்டனை வெடுக்கென்று குத்துகிறோம்

க்ளிக் என்பது "இன்னும் கொஞ்சம்தான்" என்று ஹிஞ்ச் தரும் முன்னறிவிப்பு. சிலருக்கு அது நிதானம் தரும், சிலருக்குப் பதற்றம் தரும். வட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டால் பல மாடல்களில் க்ளிக் இருக்காது. இரண்டு வாரம் அப்படிச் சுட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் சரி என்று பிறர் சொல்லிக் கேட்காதீர்கள், இது ஆளுக்கு ஆள் வேறு.

தம்ப் பட்டனைக் குத்துகிறவர்கள் முதலில் பட்டன் விரலில் எங்கே படுகிறது என்று பாருங்கள். நுனியில் பட்டால் குத்தத்தான் தோன்றும். பட்டன் தண்டைத் திருப்பி, கட்டைவிரலின் அடிப்பகுதி மடிப்பில் படும்படி வையுங்கள். அடுத்து ஸ்பிரிங்: உங்கள் மாடலோடு வந்ததில் கடினமானதைப் போடுங்கள். லேசான பட்டன் பதற்றத்தை மறைக்கும், தீர்க்காது.

சைட்டின் குறிமுள் பொன் வட்டத்தின் கீழேயே உறைந்து மேலே ஏற மறுத்தாலோ, வட்டத்தைக் கடக்கும்போது அடித்தாலோ ரிலீஸ் மாற்றுவதால் மட்டும் போகாது. இலக்குத் தாளை எடுத்துவிட்டு வெறும் மெத்தையில், 3 மீட்டரில், கண்ணை மூடிச் சுடுங்கள். ஒரு மாதம் அப்படிச் செய்தும் தாளைப் பார்த்ததும் திரும்ப வந்தால் நல்ல பயிற்சியாளரிடம் போங்கள். நான்காவதாக ஒரு ரிலீஸ் வாங்கும் காசுக்கு அது எவ்வளவோ மேல்.

அறிகுறி: பீப்பில் சைட் தெரியவில்லை

கண்ணை மூடி இழுத்து, ஆங்கரில் அமைந்து, பிறகு கண்ணைத் திறங்கள். கீழே உள்ள மூன்றில் ஒன்று தெரியும்.

பீப் திரும்பிக்கொண்டிருந்தால்: கையின் கோணம் மாறியதால் லூப்பும் நாணும் முறுக்கிக்கொள்கின்றன. லூப்பின் இரண்டு முடிச்சையும் சர்விங்கைச் (நாணின் நடுவே சுற்றிய காப்பு நூல்) சுற்றிக் குறடால் கொஞ்சம் திருப்புங்கள். பெரும்பாலும் அதிலேயே தீரும். கால் சுற்றுக்கு மேல் திரும்பியிருந்தால் நாணில் அரை முறுக்கு சேர்க்கவோ எடுக்கவோ வேண்டும், அது பிரஸ் வேலை.

பீப் மேலேயோ கீழேயோ இருந்தால்: கை தாடையில் வேறு இடத்தில் உட்கார்கிறது. ஆள்காட்டி விரல் முட்டிக்கும் நடுவிரல் முட்டிக்கும் இடையே தாடை எலும்பு பொருந்துவது பொதுவான இடம். ஒவ்வோர் அம்புக்கும் கை ஒரே இடத்தில் உட்காரும்வரை பீப்பைத் தொடாதீர்கள். அதன்பின் நகர்த்தினால் 2 அல்லது 3 மில்லிமீட்டர் போதும். பீப் மேலே போனால் அம்பும் மேலே போகும். அம்பு போன பக்கமே சைட்டையும் நகர்த்த வேண்டும்.

பீப் சரி, ஆனால் மூக்கு நுனியில் நாண் படவில்லை என்றால்: தலையை முன்னே நீட்டித் தொடாதீர்கள். டிரா லெந்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: அம்புகள் நெருக்கமாக விழுகின்றன, ஆனால் இடம் மாறி

இது கோளாறே இல்லை. 20 மீட்டரில் சைட்டை நகர்த்துங்கள், வேலை முடிந்தது. ரெஸ்டைத் தொட வேண்டாம்.

அறிகுறி: அம்புக் கூட்டம் விரிகிறது

18 மீட்டரில் 1 சென்டிமீட்டர் விலகல் 50 மீட்டரில் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். 80 சென்டிமீட்டர் தாளில் 10 புள்ளி வட்டத்தின் விட்டமே 8 என்பதால் சின்ன விரிவும் அங்கே புள்ளியைத் தின்னும். எந்தத் திசையில் விரிகிறது என்று முதலில் பாருங்கள்.

மேலும் கீழுமாக விரிந்தால், சுவரில் இழுக்கும் விசை அம்புக்கு அம்பு மாறுவது காரணமாக இருக்கலாம். சோதனை எளிது: 20 மீட்டரில் மூன்று அம்பு சுவரில் அழுத்தி இழுத்துச் சுடுங்கள், மூன்று அம்பு சுவரைத் தொட்டு மட்டும் நிறுத்திச் சுடுங்கள். இரண்டு கூட்டமும் ஒரே உயரத்தில் விழுந்தால் வில்லில் குறையில்லை, கைதான் கீழே சுழல்கிறது. உயரம் மாறினால் கேம்கள் ஒன்றாகச் சுற்றவில்லை. கேபிள் முறுக்கி டைமிங் சரிசெய்ய மெக்கானிக் வேண்டும்.

இடமும் வலமுமாக விரிந்தால், ஆங்கரில் கை முகத்தை அழுத்துகிறதா என்று பாருங்கள். பின்னாலிருந்து எடுத்த படத்தில் கேமிலிருந்து லூப் வரை நாண் நேராக வர வேண்டும், லூப்பின் இடத்தில் பக்கவாட்டில் ஒடியக் கூடாது. மணிக்கட்டுப் பட்டை எப்படியும் திரும்பிக் கொடுக்கும், கைப்பிடி ரிலீஸ் கை போன கோணத்தில்தான் நிற்கும். கையை ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் வைத்தால் பெரும்பாலானவர்களுக்கு முறுக்கு போய்விடும். நாண் நேராக இருந்தும் விரிந்தால் வில் பிடிக்கும் கையைப் பாருங்கள்: எப்போது கழலும் என்று காத்திருக்கும்போது வில்லின் பிடியை இறுக்கிக்கொள்கிறீர்கள்.

அறிகுறி: சுடாமல் இறக்கத் தெரியவில்லை, பயமாக இருக்கிறது

ஹிஞ்சில் கட்டைவிரலை முளையில் திரும்ப வைத்து, ஆள்காட்டி விரலில் பாரத்தை ஏற்றி, அம்பு மெத்தையையே பார்த்திருக்க, மெதுவாக விடுங்கள். ரெசிஸ்டன்ஸில் சேஃப்டி திரும்ப அழுந்திய பிறகுதான் ஓர் அங்குலமாவது முன்னே விட வேண்டும். தம்ப் பட்டனில் கட்டைவிரலை விலக்கிக்கொண்டால் போதும். கயிற்றில் இறக்கப் பழக முடியாது, கயிறு உங்கள் கையை முன்னால் இழுக்காது. எடை குறைத்த வில்லில், பக்கத்தில் ஆள் நிற்க, ஐந்து இழுவைக்கு ஒன்றைச் சுடாமல் இறக்கிப் பழகுங்கள்.

அறிகுறி: டி-லூப் சீக்கிரம் தேய்கிறது, கொக்கி ஒட்டுகிறது

கொக்கியின் உள்வளைவில் பிசிறு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் ரிலீஸைக் கடைக்கு அனுப்புங்கள், நீங்களே அரம் போட வேண்டாம். ஒட்டினால் தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு உலர் மசகு ஒரு துளி விடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் விட்டால் மைதானத்து மண் முழுக்க அதில் போய் உட்காரும். லூப்பின் மேலுறை கிழிந்து உள்நூல் வெளுப்பாகத் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். புது லூப்பின் முனைகளை லைட்டரில் உருக்கிக் குமிழாக்கி, முடிச்சைக் குறடால் இறுக்கி, முதல் பத்து அம்புக்குப் பிறகு குமிழ் முடிச்சுக்குள் நழுவியிருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: விரல் மரத்துப்போகிறது, முழங்கை வலிக்கிறது

பட்டை இல்லாததால் மணிக்கட்டு வாங்கிக்கொண்டிருந்த பாரம் முழுதும் இப்போது விரல்களில். நாளுக்கு 30, 40 அம்பில் தொடங்கி வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள். மூன்று விரல் கைப்பிடிக்குப் பதில் நான்கு விரல் கைப்பிடி சிலருக்கு உதவும். இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகும் மரப்பு போகவில்லை என்றாலோ, இரவில் கை சுருக்கென்று குத்தினாலோ, எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். அவர் பார்த்துச் சொல்லும்வரை வில் பையிலேயே இருக்கட்டும்.